இலவசக் கல்வியும் நம் வீட்டுக் கணக்கும்

இலவசக் கல்வி என்று மேடைகளில் பேசக் கேட்கும் போதெல்லாம் என் மனம் எங்கள் வீட்டு வரவு செலவுக் கொப்பியைத்தான் புரட்டிப் பார்க்கும். மூன்று பிள்ளைகளும் அரசாங்கப் பாடசாலையில்தான் படிக்கிறார்கள். ஆனாலும் வசதிக் கட்டணம், வகுப்பறைக்கு மின்விசிறி, சுவருக்குப் பெயின்ற், வினாத்தாள் அச்சடிக்க, விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்க, இவை எல்லாவற்றுக்கும் மேலாக டியூசன் என்று அந்தக் கொப்பியின் பக்கங்கள் நிறைந்து கிடக்கின்றன. அரிசிக்கும் மீனுக்கும் அடுத்த பெரிய செலவு இதுதான். மட்டக்களப்பு மாவட்டத்தில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எந்த ஊர்த் தாயைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் சொல்வாள்.

இலவசக் கல்வியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் அது வந்திராவிட்டால் நம்மில் எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றிருப்போம்? 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தன. 1993 இல் சீருடைத் துணியும் வந்தது. முஸ்லிம் பெண்களும் ஆசிரியைகளாக வரவேண்டும் என்று சேர் ராசிக் பரீத் போன்றோர் பாடுபட்டார்கள். உம்மாமார் ஐந்தாம் வகுப்போடு நின்ற வீடுகளிலிருந்து இன்று மகள்மார் பட்டதாரிகளாக வெளியே வருகிறார்கள் என்றால் அதற்கு இந்தக் கல்விதான் காரணம்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 2015 இல் யுனெஸ்கோவின் முன்னெடுப்பில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. நமது நாட்டில் அரசாங்கம் செலவிடுவது பல ஆண்டுகளாக நூற்றுக்கு 2 என்ற அளவிலேயே நிற்கிறது. அந்த ஒதுக்கீட்டிலும் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். கூரை ஒழுகினால், தளபாடம் உடைந்தால் அதிபர் யாரிடம் போவார்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டுவார். சங்கம் பெற்றோரைக் கேட்கும். வாப்பா கடையில் நிற்பார், கடலுக்குப் போயிருப்பார், அல்லது கட்டாரில் இருப்பார். கடைசியில் அந்தச் சுமை வந்து இறங்குவது தாயின் முந்தானை முடிச்சில்தான்.

சம்பளத்துக்கே பெரும்பகுதி போகிறது என்றதும் ஆசிரியர்கள் வசதியாக வாழ்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். என் மூத்த ராத்தா யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தவர். வெளியூர் ஆசிரியர்கள் வர அஞ்சிய நாட்கள் அவை. பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகைதான் ராத்தாவின் சம்பளம். சில மாதங்களில் அதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நாளும் வகுப்பு வெறுமையாக இருந்ததில்லை. பல வருடங்கள் காத்திருந்த பிறகே நிரந்தர நியமனம் கிடைத்தது.

2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். 24 ஆண்டுகளாகத் தீராத சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி கேட்டார்கள். அப்போது எங்கள் அயலில் ஒரு மாமி, "புள்ளைகள்ற படிப்பு பாழாப் போகுது, இவங்களுக்குச் சம்பளம் கேக்குதோ?" என்று சலித்துக்கொண்டார். அவரது கவலையும் நியாயமானதே. ஆனால் அதுவரை இணையவழி வகுப்புக்கு டேட்டா போட்டது பல ஆசிரியர்களின் சொந்தப் பணத்தில் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒக்டோபரில் அவர்கள் பாடசாலைக்குத் திரும்பினார்கள். 2022 ஜனவரியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ நெருங்கியது. கூடிய சம்பளம் மாவுக்கும் எரிவாயுவுக்கும் போதவில்லை. மீதி இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 அன்று கொழும்புக்குப் போனவர்கள் மீது கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

சகோதரிகளே, ஆசிரியரின் சம்பளம் ஆசிரியரின் வீட்டு விடயம் மட்டுமல்ல. சம்பளம் போதாத ஆசிரியர் மாலையில் டியூசன் கொடுக்கிறார். காலையில் களைத்துப் போய் வகுப்புக்கு வருகிறார். வகுப்பில் விட்டதைப் பிடிக்க நாம் டியூசனுக்குப் பணம் கட்டுகிறோம். அரசாங்கம் கொடுக்காமல் விட்ட சம்பளத்தை இப்படிச் சுற்று வழியில் நாம்தான் கொடுக்கிறோம். கட்ட முடிந்தவரின் பிள்ளை தப்பிக்கும். இறால் கோது உரித்துக் கூலி வாங்கும் தாயின் பிள்ளைக்கு என்ன வழி? இலவசக் கல்வி யாருக்காக வந்ததோ அந்தப் பிள்ளைதான் பின்வாங்கில் தங்கிவிடுகிறது.

பத்ர் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், அதுவே அவர்களின் விடுதலைக்கு ஈடு என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை வரலாற்றில் படிக்கிறோம். கற்பித்தலுக்குப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் நிகரான பெறுமதி கொடுத்த மார்க்கம் நம்முடையது. ஆசிரியர் கூலி கேட்டால் முகம் சுளிப்பது நமக்குத் தகுமா?

நம்மால் ஆன காரியங்களும் இருக்கின்றன. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் பேசாமல் இருந்துவிட்டு வராதீர்கள். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். வருடக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். கைம்பெண்ணிடமும் கடைக்காரரிடமும் ஒரே தொகை அறவிட்டால், இது நியாயமா என்று எழுந்து கேளுங்கள். பெயர் பொறித்த வாயில் வளைவுக்குக் கொடுக்க முன்வரும் தனவந்தரிடம், கணித ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பற்றிச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் வீதி விளக்கைக் கேட்பது போலவே, கல்விக்கான ஒதுக்கீட்டையும் ஆசிரியரின் மீதிச் சம்பளத்தையும் கேளுங்கள். மூன்று பிள்ளைகளின் செலவையும் சமாளிக்கத் தெரிந்த நமக்கு ஒரு பாடசாலையின் கணக்கு விளங்காமல் போகாது.