அழுத்தக்காரப் பொத்தான்

உங்கள் வீட்டில் பழைய வால்வு ரேடியோ இருந்ததுண்டா? இல்லாவிட்டால் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய நாளில் ரேடியோ என்றால் அதுதான். குமிழைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். உடனே உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். பாட்டு வர மட்டும் அரை நிமிஷம் பிடிக்கும். வால்வு சூடாக வேண்டாமா? ஆனாலும் யாரும் அவசரப்பட்டு மறுபடி திருகுவதில்லை. விளக்குத்தான் 'இதோ வருகிறேன்' என்று சொல்லிவிட்டதே!

இப்போது நம் கையில் இருப்பது வெறும் கண்ணாடி. அதிலுள்ள பொத்தான், பொத்தான் அல்ல, பொத்தானின் படம். தொட்டால் உள்ளே அமுங்காது. ஆகவே படமேதான் நடித்துக் காட்ட வேண்டும். தொட்ட இடம் சற்றுக் கறுக்க வேண்டும். ஒரு சக்கரம் சுழல வேண்டும். அதுவும் சட்டென்று! பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் தெரிய வேண்டும் என்று ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்கர் 1968-லேயே எழுதி வைத்தார். அதற்குமேல் தாமதித்தால் விரலுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு வந்தது அந்தச் சந்தேகம்தான். மளிகைச் சாமான் வரவழைக்கும் ஒரு செயலியில் அரிசிக்குச் சொன்னாள். பொத்தானைத் தொட்டாள், ஒன்றும் அசையவில்லை. மறுபடி தொட்டாள். மறுநாள் வாசலில் இரண்டு மூட்டை! திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விட்டார்கள்.

"எனக்கு வயசாயிடுத்துடீ, இதெல்லாம் இனிமே எதுக்கு?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, பெரியம்மா மேல் அல்ல. நாற்பது வருஷம் குடும்பக் கணக்கு எழுதியவள், ஒரு அழுத்தக்காரப் பொத்தானுக்காகத் தன்னையே குறை சொல்லிக்கொள்வதா? எழுத்துப் பலகையைத் தொட்டால் லேசாக அதிரும்படி அவள் போனை மாற்றிக் கொடுத்தேன். விரலுக்கு ஒரு 'உம்' கிடைக்கிறது. ஆனால் அந்தச் செயலியை மட்டும் அவள் இன்றுவரை திறக்கவில்லை. அடுத்த வீட்டுப் பையனைத்தான் கடைக்கு அனுப்புகிறாள்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2007-ல் வந்த ஐபோனில், பட்டியலின் கடைசிக்குப் போனால் அது ரப்பர் போல் இழுபட்டுத் திரும்பும். ஆப்பிளில் இருந்த பாஸ் ஆர்டிங்கின் யோசனை அது. 'இதோடு சரி' என்று எவ்வளவு நயமாகச் சொல்கிறது! 2014-ல் கூகிள் கொண்டு வந்த வடிவமைப்பில், தொட்ட இடத்திலிருந்து வட்டம் விரியும், அம்மா மண்டபப் படித்துறையில் கல் எறிந்தாற்போல. அசைவு மிஞ்சினாலும் ஆபத்துத்தான். 2013-ல் ஐபோன் திரை பாய்ந்து பாய்ந்து வந்ததில் சிலருக்குத் தலை சுற்றியே விட்டது!

ரங்கா ரங்கா கோபுரத்தருகே பூக்காரம்மாளிடம் போன வாரம் பணம் அனுப்பிவிட்டு, என் போனில் தெரிந்த பச்சைக் குறியைக் காட்டினேன். இரு கையிலும் நார். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி, "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்றது.

அதற்கப்புறம்தான் முழம் போட்டாள்.