பிறந்தப்போ எத்தனை கிலோ?

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், முதலில் ரத்தம் கொடுப்பதும் ஸ்கேன் எடுப்பதும் மனைவிதான். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது என்று மருத்துவம் சொல்லி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பல வீடுகளில் கணவரின் ரிப்போர்ட் என்று ஒரு காகிதம்கூட இருக்காது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் அந்த 35 வயதுக்காரரின் வீட்டிலும் நான்கு வருடம் அப்படித்தான் போனது. மனைவிக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "அடுத்த தடவை சார் டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும்" என்றார். வீடு வரும்வரை அவர் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவிதான் மெதுவாக, "ஏங்க, நான் நாலு வருஷமா எடுக்கறேன். நீங்க ஒரு நாள் எடுங்க" என்றார்.

எடுத்தார். விந்தணு எண்ணிக்கை குறைவு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 நானோகிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் 228. எடை 96 கிலோ. சர்க்கரை, எல்லைக்கோட்டில்.

அந்தக் காகிதத்தை அவர் இரண்டு நாள் யாரிடமும் காட்டவில்லை. மூன்றாம் நாள், ஜிம்முக்குப் போகும் நண்பரிடம் மட்டும் சொன்னார். "இதுக்குப் போய் கவலைப்படறியா மாப்ளே? ஊசி இருக்குது. மூணே மாசத்துல சிங்கம் மாதிரி ஆயிருவே" என்றார் நண்பர். யாரிடம் வாங்கலாம் என்று நம்பரும் அனுப்பிவைத்தார். அந்த நம்பரைக் கூப்பிடுவதற்கு முன்பு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தது அவர் செய்த நல்ல காரியம்.

டாக்டர் முதலில் சொன்னது, "ஒரு ரிப்போர்ட்டை வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க. காலையில எட்டு மணிக்கு, வெறும் வயித்துல இன்னொரு தடவை எடுங்க." டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். சாயங்காலம் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய பேர். இவருக்கு இரண்டாவது தடவையும் 241தான் வந்தது.

ஊசி பற்றிக் கேட்டதும் டாக்டர் தலையாட்டினார். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும் அல்லவா? அதேபோல, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து ரத்தத்தை நிரப்பினால், மூளை 'போதும்' என்று விரைகளுக்கு அனுப்பும் சிக்னலை நிறுத்திவிடும். அந்த சிக்னல் நின்றால் விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். குழந்தைக்காக ஏங்குகிற ஆண் போட்டுக்கொள்ளவே கூடாத ஊசி அது.

பிறகு டாக்டர், அவர் எதிர்பார்க்காத கேள்வி ஒன்றைக் கேட்டார். "நீங்க பிறந்தப்போ எத்தனை கிலோ?"

அவருக்குத் தெரியவில்லை. தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டார். மறுமுனையில் யோசனையே இல்லாமல் பதில் வந்தது. "ஒண்ணே முக்கால் கிலோ. எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டே. பஞ்சுல சுத்தித்தான் வெச்சிருந்தோம். எதுக்கு சாமி இப்பக் கேக்கறே?"

எதுக்கு என்பதற்கு விடை, இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பழைய நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற செவிலியர் 1911-லிருந்து அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட வேண்டும், ஒரு வயது ஆனதும் மறுபடி எடை போட வேண்டும், எழுதி வைக்க வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு அந்த நோட்டுகளைத் தேடிப் பிடித்தது. 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களுக்குப் பிற்பாடு என்ன ஆனது என்று பார்த்தார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள் இதய நோயால் இறப்பது அதிகமாக இருந்தது. 1989-ல் அந்த ஆய்வு வெளியானபோது நம்பாதவர்களே அதிகம். இன்று அது தனி மருத்துவத் துறையாகவே வளர்ந்துவிட்டது.

நம் ஊர்ப் பக்கமும் இப்படி நோட்டுகள் உண்டு. வேலூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளை, நடுவயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதே காலத்தில் டெல்லியிலும் ஓர் ஆய்வு. இரண்டும் சொன்ன சேதி ஏறக்குறைய ஒன்றுதான்: கைக்குழந்தையாக இருக்கும்போது மெலிந்திருந்து, பிறகு உயரத்துக்கு மீறி எடை ஏறிக்கொண்டே போனவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பார்த்த குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை 2.7 கிலோதான். தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியான குண்டுக் குழந்தை' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

சர்க்கரைக்கும் ஆண் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் சந்திக்கிற இடம் தொப்பை. கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற என்சைம், டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடல் பருமன் கூடும்போது மூளையிலிருந்து வரும் சிக்னலும் மந்தமாகிறது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குழந்தைப் பருவ எடைக்கும் ஆண் ஹார்மோனுக்கும் நேரடியாகவே முடிச்சு இருப்பதைக் காட்டியது பிலிப்பைன்ஸின் செபு நகரம். அங்கே 1983-ல் தொடங்கிய ஆய்வில் பிறந்ததிலிருந்து பின்தொடரப்பட்ட பையன்களை, 21 வயது வாக்கில் பரிசோதித்தார்கள். முதல் ஆறு மாதத்தில் நன்றாக எடை ஏறியவர்கள் சீக்கிரம் வயதுக்கு வந்திருந்தார்கள். உயரம், தசை, கைப்பிடி பலம், டெஸ்டோஸ்டிரோன் எல்லாமே அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன. அந்த முதல் ஆறு மாதத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆண் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு தடவை கிடுகிடுவென்று ஏறி, பிறகு அடங்கிவிடும். 'குட்டிப் பருவமடைதல்' என்பார்கள். அதன் பிறகு அது எழுவது மீசை முளைக்கும் வயதில்தான்.

ஆக, முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலில் ஏறும் எடையும், நான்கு வயதில் பிஸ்கட்டிலும் நெய்யிலும் ஏறும் எடையும் உடம்புக்கு ஒன்றல்ல. வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: 'கொழுகொழு.'

இந்த விவரங்களை அவர் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா துருவித் துருவிக் கேட்டார், சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பஸ் ஏறி வந்த அம்மா, சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"எலிக்குஞ்சாட்டம் இருந்தே. பொழைக்காதுன்னு உங்கப்பத்தாவே சொல்லிப்போட்டாங்க. நீ ஒரு வாய் கூட உண்டா எனக்கு உசுரு வந்தாப்ல இருக்கும். ராகிக் கூழு, வெண்ணெய், நெய்ச்சோறுன்னு ஊட்டி ஊட்டித்தான் ஆளாக்குனேன். குண்டாயிட்டான்னு ஊரே சொன்னப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு. அப்ப, நாந்தான் உன்னைக் கெடுத்துப்போட்டனா?"

முப்பத்தைந்து வருடத்துப் பெருமை, ஒரு லேப் ரிப்போர்ட்டின் முன்னால் குற்றமாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தை, ஒண்ணே முக்கால் கிலோவைப் பொழைக்க வெச்சது நீங்க. தொண்ணூத்தாறு கிலோ ஆக்கினது பரோட்டாக் கடையும் ராத்திரி ஷிப்மென்ட்டும். அதுல உங்க பங்கு கம்மி."

அம்மாவே சிரித்துவிட்டார்.

மருமகள் சொன்னதில் மருத்துவமும் இருந்தது. இந்த ஆய்வுகள் எல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. பிறந்த எடை யாருடைய தலையெழுத்தும் அல்ல. குறைந்த எடையில் பிறந்து நலமாக இருக்கும் ஆண்கள் ஏராளம். மூன்றரைக் கிலோவில் பிறந்து சர்க்கரையோடு வாழ்பவர்களும் உண்டு. டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது யார் மேலும் பழி போட அல்ல. இவரைப் போன்றவர்களுக்குத் தொப்பை கொஞ்சம் கூடினாலும் சேதாரம் அதிகம், அதனால் முன்கூட்டியே உஷாராக வேண்டும் என்பதற்காகத்தான். கூடவே இன்னொன்றையும் சோதித்தார். எடை குறைவாகவும் குறைமாதத்திலும் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு, விரை கீழே இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். இவருக்கு அந்தப் பிரச்னை இல்லை.

வைத்தியம் சாதாரணமானது. ராத்திரி பரோட்டா நின்றது. சோறு பாதியாகி, கொள்ளும் முட்டையும் காய்கறியும் தட்டில் கூடின. காலையில் நடை, வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, பதினொரு மணிக்குத் தூக்கம். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதத்துக்கு முன்னால் டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதம்தான் கஷ்டமாக இருந்தது என்கிறார் அவர்.

பத்து மாதத்தில் 12 கிலோ குறைந்தது. டெஸ்டோஸ்டிரோன் 352. சர்க்கரை இறங்கியது. விந்தணு எண்ணிக்கை கூடியிருக்கிறது; இன்னும் கூட வேண்டும். குழந்தைச் செய்தி இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது ஃபைலில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

போன மாதம் அம்மாவின் அண்ணன் பேத்திக்குப் பையன் பிறந்தான். இரண்டு கிலோ நூறு கிராம். பார்க்கப் போன சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பால் டின் வாங்கிப்போக, அம்மா வெறுங்கையோடு போனார். குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டி வைக்கச் சொன்னார். "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும் குடு கண்ணு. மாசாமாசம் அங்கன்வாடில எடை போட்டு அட்டைல எழுதிக்கோ. கொட்டை ரெண்டும் எறங்கியிருக்குதான்னு டாக்டர்கிட்டக் கேளு. ஆறு மாசமாகியும் எறங்கலீன்னா சும்மா இருந்துராதே, ஒரு வயசுக்குள்ளயோ ஒண்ணரை வயசுக்குள்ளயோ ஆபரேஷன் பண்ணோணும்."

சுற்றி இருந்த ஆண்கள் சங்கடத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அம்மா விடவில்லை.

"நாலு வயசுக்கு மேல குண்டாகறான்னா சந்தோசப்படாதே. ஓடி வெளையாட உடு."