முடிஞ்சது எத்தனை, நடக்கறது எத்தனை?

தில்லிக்கு வந்து பதினெட்டு வருஷமாச்சுங்க. இங்கேயே பிறந்த என் பொண்ணு இப்போ பதினொண்ணாம் வகுப்பு. சி.பி.எஸ்.இ.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா பைத்தான்தான். போன மாசம் "அப்பா, இது எனக்கு வராது, சப்ஜெக்ட் மாத்திக்கறேன்"னு வந்து நின்னா. காரணம் ஒரு பூஜ்யம். பட்டியல்ல முதல்ல இருக்கறதுக்கு நம்பர் 1 தானே, எதுக்கு 0? நியாயமான கேள்விதான்.

எங்க வீட்டுக்கே மனப்பாடமான தமிழ்நாடு எக்ஸ்பிரஸை எடுத்தேன். அது போற வழியில ஆறு ஊர்:

ஊர் = ["புது தில்லி", "ஆக்ரா", "போபால்", "நாக்பூர்", "விஜயவாடா", "சென்னை"]

டைம்டேபிளில் புது தில்லிக்கு நேரா நாள் 1, தூரம் 0 கி.மீ. ரெண்டும் சரி. நாள் எண்ணிக்கை, கிளம்பின அன்னைக்கே முதல் நாள். தூரம் தாண்டி வந்த கணக்கு. கிளம்புற இடத்துல இன்னும் எதையும் தாண்டலை. இண்டெக்ஸ் தூரத்தோட ரகம். ஊர்[3]னா மூணாவது ஊர் இல்லை, மூணு ஊர் தாண்டி வர்ற நாக்பூர். சி மொழியில உள்ளே நடக்கறதும் இதுதான்: அர்ரே ஆரம்பிக்கிற மெமரி முகவரியோட, ஒரு பொருளின் அளவை இண்டெக்ஸால் பெருக்கிக் கூட்டும். முதல் பொருளுக்குக் கூட்ட ஒண்ணுமில்லை, அதனால 0. (ஃபோர்ட்ரான் வழக்கமா 1-லேர்ந்து ஆரம்பிக்கும். அதுவும் தப்பில்லை, அது வேற ஏற்பாடு.)

தலையாட்டினா. முகம் மட்டும் தெளியலை.

ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து அம்மா போன். "குழந்தைக்குப் பதினாறா, பதினேழா?" "பதினாறு முடிஞ்சு பதினேழு நடக்குதும்மா"ன்னேன். பக்கத்துல இருந்தவ சட்டுனு, "அப்பா, முடிஞ்சது இண்டெக்ஸ், நடக்கறது எண்ணிக்கை!"ன்னா.

எனக்குத் தோணாத உதாரணம் அது. அன்னைக்கே ஊர்[6] அடிச்சுப் பார்த்தா. இண்டெக்ஸ் எல்லை தாண்டிடுச்சுன்னு பைத்தான் திட்டிச்சு. "ஆறு ஊர்னா கடைசி 5"ன்னு அவளே சொல்லிட்டு, ஊர்[-1] போட்டும் சென்னையை வரவழைச்சா. சப்ஜெக்ட் மாத்தற பேச்சு அதுக்கப்புறம் இல்லை.

ஹிந்தியும் இங்கிலீஷும் போதாதா, வீட்டுல தமிழ் எதுக்குன்னு இங்கே நிறைய பேர் கேக்கறாங்க. ஒரு வயசுக்கு ரெண்டு கணக்கு வெச்சிருக்கற பாட்டி பேச்சு அவ காதுல விழுந்துட்டே இருந்ததாலதான் அந்தப் பூஜ்யம் அவளுக்குப் புரிஞ்சுது. உங்க வீட்டுப் பிள்ளையும் இதே இடத்துல முழிச்சா, முதல்ல வயசைக் கேளுங்க.