இப்போதும் பிடிக்கவில்லை

பேசிப் பிழைத்தவன் நான். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றம். வெள்ளிக்கிழமை கண்ணகி கட்சியில் நின்று கூட்டத்தை அழவைப்பேன். சனிக்கிழமை வேறு ஊரில் மாதவிக்காக வாதாடி அதே அழுகையை வாங்கிவிடுவேன். கைத்தட்டல் வாங்கிப் பழகியவனுக்கு ஒரு கோளாறு உண்டு: வீட்டுத் திண்ணையும் அவனுக்கு மேடையாகத்தான் தெரியும்.

இயக்குநர் மகேந்திரன் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்ததற்கு அவர் இளையான்குடிக்காரர், எங்கள் சீமைக்காரர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவரும் பேச்சால் சினிமாவுக்கு வந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது, 1958இல், எம்.ஜி.ஆர். வந்திருந்த விழாவில் மேடையேறினார். எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே, சினிமாவில் வருகிற காதலுக்கும் ஊரில் நடக்கிற காதலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பேசினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கிண்டலுக்கு ஆளானவரே பாராட்டினார். சட்டம் படிக்கச் சென்னைக்குப் போன பையன் படிப்பைத் தொடர முடியாமல் பத்திரிகைக்குப் போக, அங்கே மறுபடி கண்ணில்பட்டவரைக் கூப்பிட்டு ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார் எம்.ஜி.ஆர். அந்தப் படம் அப்போது நடக்கவில்லை. பேனா மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் கதை, வசனம் என்று பல வருஷம். ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதியதுதான். மேடையில் நாடகமாக ஓடி, 1974இல் படமாக வந்தது. சிவாஜியின் சிம்மக் குரலுக்குத் தீனி போடுகிற வசனம். எங்கள் பட்டிமன்றக் கோஷ்டியில், அதில் சிவாஜி ஏற்ற சௌத்ரி பாத்திரம் பேசுகிற மாதிரி பேசிக் காட்டாத ஆளே கிடையாது. இப்படி எழுதத் தெரிந்தவர் கையில் ஒரு படம் முழுசாகக் கிடைத்தால் எப்படிப் பொழிவார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

1978இல் கிடைத்தது. ‘முள்ளும் மலரும்’. உமாசந்திரன் எழுதிய நாவல், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் இசை. மின்சாரத் திட்ட வேலை நடக்கிற மலையில் விஞ்ச் ஓட்டுகிற காளியாக ரஜினி, அவன் தங்கை வள்ளியாக ஷோபா. என் தங்கையை அழைத்துக்கொண்டு இரண்டாவது ஆட்டம் போனேன். டென்ட் கொட்டகை, மணல் தரை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் வரும் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். “என்ன படம் இது? கடைசியில் அண்ணன்காரன் நாலு வார்த்தை நிறுத்தி நிதானமாப் பேச வேண்டாமா?”

பின்னால் படித்தபோது சிரிப்பு வந்தது. இசை சேர்க்காத படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளரும் வசனத்தைக் காணோமே என்றுதான் கலங்கிப்போனாராம். ‘தங்கப்பதக்கம்’ எழுதியவர் என்று நம்பிப் பணம் போட்டவர். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தனக்கு நன்றாக வருகிற ஒன்றை, அதுவும் சோறு போட்ட ஒன்றை, தன் முதல் படத்திலேயே ஒருவர் ஒதுக்கி வைக்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது மைக்குக்கு அடிமையாக இருந்தவனுக்குத்தான் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். 1983. தங்கை பஞ்சாயத்துப் பள்ளியில் ஆசிரியை. தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். சாதி வேறு. அதைவிட, என்னைக் கேட்காமல் முடிவு பண்ணிவிட்டாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா இல்லாத வீடு, நான்தான் பெரியவன். திண்ணையில் உட்காரவைத்துப் பேசினேன். அம்மா பட்ட கஷ்டம், ஊர் வாய், குடும்ப மானம், நடுநடுவே இரண்டு குறள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கீரை ஆய்ந்து முடிந்தது. காம்புகளை ஒதுக்கினாள், முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த மாதம் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். நான் போகவில்லை. இரண்டு வருஷம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வாதத்தில் தோற்காதவன் எப்படி விட்டுக்கொடுப்பது என்பதுதான் அந்த இரண்டு வருஷமும் எனக்குப் பிடிபடாத கணக்கு. போனால் அவர் நல்லவர் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அது பொய். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

1985இல் டூரிங் டாக்கீஸில் பழைய படமாக ‘முள்ளும் மலரும்’ மறுபடி போட்டார்கள். தனியாகப் போனேன். காளிக்கு, அவனுக்கு மேலதிகாரியாக வருகிற இன்ஜினியரைக் கண்டால் ஆகாது. தங்கையை அவருக்குக் கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை. அவளும் மற்றவர்களும் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் அவனைப் பார்த்ததும் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவருகிறாள். அவனுக்கு அது போதும். அவனே அவளை அழைத்துக்கொண்டு போய் ஒப்படைக்கிறான். அப்போதும் அந்த ஆளிடம், உங்களை இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். வேறு யார் எழுதியிருந்தாலும் காளியை அழவிட்டு, திருந்தினேன் என்று இரண்டு பக்கம் பேசவைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். காளி அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தங்கையை மட்டும் அனுப்பிவைத்தான். அந்த இரண்டையும் பிரிக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். பஸ்ஸில் தயாரித்துக்கொண்டு போன பேச்செல்லாம் மறந்துவிட்டது. “எனக்கு உங்களை இன்னும் பிடிக்கலை” என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். “அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கேன் மச்சான். உள்ள வாங்க.”

மகேந்திரன் மொத்தம் இயக்கியது பன்னிரண்டு படங்கள். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’க்குத் தேசிய விருது கிடைத்தது. 1992இல் ‘ஊர்ப் பஞ்சாயத்து’ வந்த பிறகு 2006இல்தான் ‘சாசனம்’ திரைக்கு வந்தது. பதினாலு வருஷ இடைவெளி. 2016இல் ‘தெறி’யில் வில்லனாக வந்தபோது என் பேரன், “தாத்தா, இந்தப் புது நடிகர் கண்ணாலேயே மிரட்டுறார்” என்றான். புது நடிகர்! 2019 ஏப்ரலில் அவர் காலமான செய்தி வந்த அன்று, தங்கை போன் பண்ணினாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

மாப்பிள்ளை போன பொங்கலுக்கும் வந்திருந்தார். பேப்பரை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை. இரங்கல் விளம்பரம் வரைக்கும் வாசிப்பார். அடுத்தவன் சாய்வு நாற்காலியில் கேட்காமல் உட்காருவார். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு ராசிபலனை ஆரம்பித்தார். முதலில் என் ராசி. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கை தலையைத் தூக்காமல், “அண்ணே, காபி ஆறுது” என்றாள்.