ஒரு ஜவானும் 1,800 ரூபாயும்

என்னிடம் இருப்பது மொத்தம் இரண்டு வாட்ச். ஒன்று அப்பா கொடுத்த ஹெச்.எம்.டி. ஜனதா, அது ராணுவ வாட்ச்சே கிடையாது. இன்னொன்று ராணுவ வாட்ச், ஆனால் போலி. இதை வைத்துக்கொண்டு "பழைய ராணுவ வாட்ச் சேகரிக்கிறேன்" என்று சொன்னால் கிளாஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் போலியைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

"செல்போன்லயே மணி தெரியுதே, உனக்கு என்னடா கிறுக்கு?" என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. முதல் உலகப்போருக்கு முன்பு ஐரோப்பாவில் ஆண்கள் பெரும்பாலும் பாக்கெட் வாட்ச்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை மாதிரி. ஆனால் பதுங்குகுழியில் துப்பாக்கியும் கையுமாக நின்றுகொண்டு பாக்கெட்டைத் துழாவ முடியுமா? 1916 ஜூலை 1, சோம் போர்க்களம். பிரிட்டிஷ் காலாட்படை காலை 7.30-க்குக் கிளம்ப வேண்டும். பீரங்கிக்காரர் வாட்ச்சும் காலாட்படை வாட்ச்சும் ஒத்துப்போகாவிட்டால் சொந்தப் படையின் குண்டே தலையில் விழும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்களின் ஏ-11 வாட்ச்சில் திருகை இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். எல்லோரும் நிறுத்தி வைத்து, ஒரே நொடியில் ஓடவிடுவார்கள். இப்படி உயிரைக் காக்க உழைத்த ஒரு பொருள் என் கையில் டிக் டிக் என்கிறது என்றால்... அதுதான் கிறுக்கு.

சேகரிப்பவர்களின் பெரிய கனவு, 1945 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 கம்பெனிகள் செய்த வாட்ச்கள். 1967-இல் வந்த படத்தின் பெயரை வைத்து "டர்ட்டி டஜன்" என்பார்கள். ஒமேகா, லாஞ்சின்ஸ் எல்லாம் காசு இருந்தால் கிடைக்கும். கிரானா என்ற கம்பெனியின் வாட்ச் கிடைப்பது குதிரைக் கொம்பு. பன்னிரண்டையும் சேர்க்க நான் பேங்க் லோன்தான் போட வேண்டும்!

நம்ம பட்ஜெட்டுக்கு ஹெச்.எம்.டி.தான். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். 2016-இல் வாட்ச் பிரிவையே மூட அரசு முடிவு செய்தது. அதில் ராணுவத்தினருக்கென்று வந்த மாடல் ஜவான். கையால் சாவி கொடுக்கும் வாட்ச். ஆறு மாதம் டீ, பப்ஸைக் குறைத்து 1,800 ரூபாய் சேர்த்து ஆன்லைனில் ஒரு ஜவான் வாங்கினேன். டயல் பளபளவென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஸ்ட்ராப் மாற்ற ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மெஷின் ஹெச்.எம்.டி.தான். டயல்தான் போன மாசம் பெயிண்ட் அடிச்சது."

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். எழுத்தில் மை தடித்திருந்தது. நிமிடக் கோடுகள் முள்ளோடு சேரவில்லை. ஏதோ ஒரு பழைய ஹெச்.எம்.டி.யின் டயலைச் சுரண்டிவிட்டு "ஜவான்" என்று அச்சடித்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர் "மும்பை ஸ்பெஷல்".

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். அந்த டர்ட்டி டஜன் வாட்ச்களில் பலவற்றுக்குப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகமே பின்னாளில் டயலை மாற்றியிருக்கிறது. காரணம், முதல் டயலில் இருந்த ரேடியம். ஒளி தரும் பொடி சில பத்தாண்டுகளில் செத்துவிடும், ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். அதுவும் மாற்றிய டயல்தானே? அதை மட்டும் ஏன் நிஜம் என்கிறார்கள்?

விடை எங்கள் அக்கவுண்ட்ஸ் நோட்டிலேயே இருந்தது. தப்பான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் அது திருத்தம். சுரண்டி அழித்துவிட்டு எழுதினால் மோசடி. ராணுவம் செய்தது திருத்தம். எனக்கு விற்றவர் செய்தது சுரண்டல்.

பரீட்சை வந்தது என் சொந்த நோட்டில். ஜூனியர் ஒருவன், "அண்ணா, சூப்பரா இருக்கு, 2,000 தரேன், குடுங்க" என்றான். அந்த மாதம் எக்ஸாம் ஃபீஸ் வேறு கட்ட வேண்டியிருந்தது. நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் இருக்க நினைத்தேன். ஆனால் எனக்கு விற்றவரும் பொய் எதுவும் சொல்லவில்லையே! "ஜவான், நல்ல கண்டிஷன்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் ஜூனியரைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். பார்த்தான். "போங்கண்ணா" என்று போய்விட்டான். எக்ஸாம் ஃபீஸுக்கு அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

இன்றும் அதே வாட்ச்சைத்தான் கட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது, பாவம். யார் கேட்டாலும் முதலில் "டயல் போலி" என்று சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று நண்பர்களே. பழைய ராணுவ வாட்ச் புத்தம் புதுசாக மின்னினால் உஷாராக இருங்கள். ரேடியம் டயல் என்று சந்தேகம் வந்தால் நீங்களே திறக்காதீர்கள், அந்தப் பொடியைச் சுவாசிப்பது ஆபத்து. உங்கள் தாத்தா வாட்ச் அலமாரியில் தூங்கினால் ஒரு சாவி கொடுத்துப் பாருங்கள். டயலில் கறை இருந்தால் இருக்கட்டும், துடைத்துவிடாதீர்கள்!