பனிமலை அடிவாரத்தில் ஒரு நாள்

நுவரெலியாவிலே தை, மாசி மாதத்து விடியற்காலைகளிற் புல்நுனியில் உறைபனி படிந்திருக்கக் கண்டு வியந்தவர்கள் நாம். பனி மாதக்கணக்காக நிலத்தை மூடிக் கிடக்கும் நாட்டில் வளரும் நம் பிள்ளைகள், அதன்மேல் எவ்வாறு விளையாடுகின்றார்கள் என்பதைச் சென்ற மாசி மாதத்தில் நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையின் மகன், தன் ஒன்பது வயது மகளையும் ஏழு வயது மகனையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை விடியற்காலையிற் காரைச் செலுத்தினான். வடமேற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஜோர்ஜியன் விரிகுடாக் கரையிலுள்ள கொலிங்வூட் என்னும் ஊரை அடைந்தோம். ஒரு காலத்திற் கப்பல் கட்டுந் தொழிலாற் பெயர்பெற்ற ஊர் அது. 1986 ஆம் ஆண்டில் அத்தொழில் நின்றுபோயிற்று. இன்று, அயலிலுள்ள புளூ மவுண்டன் என்னும் மலைக்கு வரும் பயணிகள் அவ்வூருக்குப் பெருந்துணை. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஜோசோ வைடர் என்பவர் அங்கே 1941 இற் பனிச்சறுக்கல் தலத்தைத் தொடக்கினார்.

மலை என்று பெயரேயன்றிச் சறுக்கும் சரிவின் உயரம் 220 மீற்றர் அளவே. 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலையைக் கண்ட நமக்கு அது ஒரு குன்று. ஆயினும், சரிவெங்கும் வெண்மை போர்த்து, அதன்மேற் பல வண்ண உடையணிந்த சிறுவர் சிறுமியர் வழுக்கி வரும் காட்சி கண்ணைப் பறித்தது.

நம் பிள்ளைகள் பழக வந்தது, ஸ்நோபோட் எனப்படும் பனிப்பலகை. இரு கால்களையும் ஒரே பலகையிற் பிணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று சறுக்க வேண்டும். மகளுக்குப் பள்ளித் தோழி ஒருத்தி அளவான உடைகளைக் கொடுத்திருந்தாள். மகனுக்கோ அயல்வீட்டுப் பெரிய பையனின் சப்பாத்து. இரண்டு அளவு பெரிது. அதற்குக் காரணம் நானே. "வளருற பிள்ளைக்குப் பெரிசா எடுத்தால் அடுத்த வருஷமும் உதவும்" என்று முதல்நாள் நான் சொன்ன புத்திமதியைத் தகப்பன் தட்டவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவ்வாறு தைப்பித்த சட்டைகளிலேயே வளர்ந்தவன் நான். சப்பாத்தின் வெற்றிடத்தை இரண்டு சோடிப் பருத்திக் காலுறைகளால் நிரப்பினோம். உள்ளேயும் பருத்திச் சட்டையே அணிவித்தோம்.

குளிர் உறைநிலைக்கு எட்டுப் பாகை கீழே இருந்தது. பையன் பலகையில் எழுந்து நின்றான். சப்பாத்துக்குள்ளே குதி எழும்பிற்று. கால் திரும்பியதேயன்றிப் பலகை திரும்பவில்லை. விழுந்தான், எழுந்தான், மீண்டும் விழுந்தான். பனி உள்ளே புகுந்து உடற்சூட்டில் உருகிப் பருத்தியை நனைத்தது. அரைமணி நேரத்தில் உதடு வெளிறி நடுங்கலானான். "கால்விரல் விறைக்குது. எனக்கிது வேண்டாம், தாத்தா. வீட்டை போவம்" என்று அழுதான். என் சிக்கனம் அவன் காலை வருத்தியது கண்டு என் நெஞ்சு குறுகிற்று.

அடிவாரத்தில் வாடகைக்குப் பொருள் கொடுக்கும் கூடத்துக்கு அவனைத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த முதிய பெண்மணி ஈரக் காலுறைகளைக் களைந்து, அவன் பாதங்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் அடக்கிச் சூடேற்றினாள். பின்னர் எங்களுக்குப் பொறுமையோடு பாடம் சொன்னாள்.

சப்பாத்தை அணிந்து நிமிர்ந்து நின்றால் விரல் நுனி அதன் முனையைச் சற்றே தொட வேண்டும்; முழங்காலை மடித்தாற் குதி எழும்பலாகாது. கம்பளிக் காலுறை ஒரு சோடியே போதும். பலகையை நிறுத்தினால் அதன் நுனி பழகுவோனின் நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில் நிற்பது நன்று. பிள்ளையின் நிறையையும் பார்த்தே தெரிதல் வேண்டும். வளர்ந்த பின் உதவட்டும் என்று நீண்ட பலகையைக் கொடுத்தாற் பிள்ளையால் அதனை அடக்க இயலாது.

வெப்ப நாட்டிற் பருத்தி நம் தோழன். அங்கோ அது ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்திருந்து உடலைக் குளிர்விக்கும். ஆதலின் உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர் உடை, அதன்மேற் சூடு காக்கும் தடித்த உடை, வெளியே நீர் புகாத மேற்சட்டையும் காற்சட்டையும் என மூன்று அடுக்குகள் வேண்டும். விரல்கள் பிரிந்த கையுறையிலும், நான்கு விரல்களும் ஒன்றாயிருக்கும் கையுறை கூடிய சூடு தரும். கழுத்துத் துண்டு தூக்கு நாற்காலியிற் சிக்கக்கூடும் என்பதால், தலைவழியே மாட்டும் கழுத்துறையே நலம்.

தலைக்கவசம் தலையை அசைத்தாலும் நகராதிருத்தல் வேண்டும். முன்பு பலமாக மோதுண்ட கவசத்தை இரவலாகவும் வாங்கலாகாது. புதிதாகப் பழகுவோர் விழும்போது கையை ஊன்றுவர். ஆதலால் மணிக்கட்டுக் காப்பும் வேண்டும். புதுப்பனி ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பது வரையிலே தெறிக்கச் செய்யுமாம், கண்ணாடியும் அவசியம்.

இப்பலகை பிறந்ததும் ஒரு தகப்பனின் அன்பினாலேயே. 1965 ஆம் ஆண்டு நத்தார் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் பெண் பிள்ளைகள் விளையாடவென இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். பின்வந்தோர் அதனைத் திருத்தி வளர்த்தனர். 1998 இல் ஜப்பானின் நகானோவில் அது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று.

உலர்ந்த உடையும் அளவான சப்பாத்தும் அணிந்து, நண்பகலுக்குப் பின் பையன் மீண்டும் பனியில் இறங்கினான். முதலிற் பத்து யார், பின்னர் இருபது. மாலையில் அக்காளும் தம்பியும் அருகருகே வழுக்கி வந்து என் முன்னே நின்றார்கள். வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்குவதிலும், குளிர்காலம் முழுவதற்கும் பலகையையும் சப்பாத்தையும் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்று தகப்பனும் தெளிந்தான்.

திரும்பும் வழியிற் பையன் என் தோளிற் சாய்ந்து, "அடுத்த வருஷம் என்ர கால் பெரிசாகியிருக்குமே, தாத்தா?" என்று கேட்டான்.

"பெரிசாகட்டும், அப்பன். அப்ப திரும்ப அளந்து எடுப்பம்" என்றேன்.