கடல் கடக்கும் முன் எண்ண வேண்டிய கணக்கு

சீன நாட்டின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே ஒரு சிவாலயம் எழுப்பியிருந்தனர். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அதற்குச் சான்றாக நிற்கிறது. இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் அக்கல்வெட்டில், கானின் ‘பர்மான்’படி அது நிகழ்ந்தது என்ற குறிப்பும் காணப்படுகிறது. பர்மான் என்பது அரசனின் எழுத்து மூலமான ஆணை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பும் அயல் மண்ணில் கால் ஊன்ற விரும்பியவனுக்கு அந்நாட்டு ஆட்சியாளரின் எழுத்து தேவைப்பட்டது. இன்று அந்த எழுத்துக்கு விசா என்று பெயர்.

அதை வேண்டி இறைவனிடம் செல்வோரும் பலர். ஹைதராபாத்துக்கு அருகே உஸ்மான் சாகர் ஏரிக்கரையில் உள்ள சில்கூர் பாலாஜியை ‘விசா பாலாஜி’ என்றே மக்கள் அழைக்கின்றனர். உண்டியல் இல்லாத கோயில் அது. வேண்டிக்கொள்ளும்போது 11 பிரதட்சிணம், வேண்டுதல் நிறைவேறியபின் 108 பிரதட்சிணம் என்பது அங்குள்ள வழக்கம். பெருமாளிடம் விசாவைக் கேட்கலாம். ஆனால், எந்த நாட்டின் எந்த விசாவைக் கேட்பது என்பதை மட்டும் குடும்பம்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கும்பகோணத்தில் வாழும், பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியரின் இல்லத்தில் அத்தகைய ஆலோசனை பல வாரங்கள் நடந்தது. மகனுக்கு வயது 34. சென்னையில் மென்பொருள் பணி. மருமகளுக்கு வயது 29. செவிலியர் பட்டம் பெற்று, மருத்துவமனையில் பணியாற்றுபவர். பேத்திக்கு ஆறு வயது. மகனின் மனம் அமெரிக்காவை நாடியது. மருமகளோ கனடாவை எண்ணியிருந்தார். ஆசிரியரின் மைத்துனர் மகன் கோவையில் மோட்டார் பம்ப் தொழில் நடத்துபவர். முதலீட்டு விசாவின் மூலம் குடும்பத்தோடு குடியேறலாமா என்று அவரும் அதே வேளையில் யோசித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஒரு கோடிட்ட நோட்டை எடுத்து, நாட்டுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து எழுதத் தொடங்கினார்.

முதற்பக்கம் அமெரிக்காவுக்கு. எச்-1பி என்பது வேலை தரும் நிறுவனம் பெற்றுத் தரும் விசா. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. பதிவுகள் அளவை மீறும்போது கணினித் தேர்வு நடைபெறும். முதலில் மூன்று ஆண்டுகள், பின்னர் நீட்டிப்புடன் ஆறு ஆண்டுகள் என்பது பொது விதி. 2025 செப்டம்பரில் வெளியான அதிபரின் பிரகடனம், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகத் தாக்கலாகும் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. ஓராண்டுக்கென அறிவிக்கப்பட்டதாயினும், அத்தொகையைக் கட்டி ஒருவரை அழைக்க எத்தனை நிறுவனங்கள் முன்வரும் என்ற ஐயம் அந்த வீட்டிலும் எழுந்தது.

ஆசிரியரை அதைவிட ஆழமாகத் தைத்தது வேறொரு செய்தி. நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டு, வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்கு வழங்கப்படுகிறது. மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது சட்டம். சிறு தீவுக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. ஆகவே 2025-ஆம் ஆண்டின் இறுதியில், 2013-ல் மனுச் செய்த இந்தியப் பட்டதாரிகளின் முறையே நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நிற்கும்வரை எச்-1பியை ஆறு ஆண்டுகளுக்கு அப்பாலும் நீட்டிக்க வழி உண்டு. ஆனால், வேலை போனால் பொதுவாக 60 நாள்கள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு வழியோ காணாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

ஆசிரியர் பேத்தியின் வயதை அந்த வரிசையோடு சேர்த்துக் கணக்கிட்டார். பெற்றோரைச் சார்ந்த விசாவில் செல்லும் குழந்தை, 21 வயது நிறைந்தால் அந்தச் சார்பை இழந்துவிடும். வயதைக் கணக்கிடுவதில் சில கழிவுகள் உண்டு. இத்தனை நீண்ட வரிசைக்கு அவை போதுமானவை அல்ல. மகன் சென்று, ஈராண்டு கழித்து நிறுவனம் மனுச் செய்து, வரிசை இன்றைய நீளத்திலேயே இருந்தாலும், பேத்திக்கு 20 வயதாகும்போதுதான் முறை வரும். வரிசை இன்னும் சற்று நீண்டால், அங்கேயே வளர்ந்து படித்த பெண் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் தான் அறியாத தாய்நாட்டுக்குத் தனியே திரும்ப வேண்டும். மகன் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. சம்பளத்தையும் ஊரையும் பற்றித் தேடிப் படித்தவர், மகளின் இருபத்தோராம் பிறந்தநாளை எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாம் பக்கம் கனடாவுக்கு. அங்கே 2015 முதல் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்னும் முறை நடைமுறையில் இருக்கிறது. வயது, கல்வி, மொழித்திறன், பணி அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, மொத்தம் 1,200-க்கு வரிசைப்படுத்துகின்றனர். மாநில அரசு ஒன்று பரிந்துரைத்தால் 600 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும். வேலை உறுதிக் கடிதத்துக்குத் தந்துவந்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டனர்; பணத்துக்குக் கடிதம் விற்ற இடைத்தரகர்களின் தொல்லை அதற்கு ஒரு காரணம். வயதுக்கான முழு மதிப்பெண் 29 வரைதான். 30 தொடங்கி ஆண்டுதோறும் குறைந்து, 45-ல் ஒன்றுமில்லாமல் போகும். தேர்வாகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே நிரந்தரக் குடியுரிமைத் தகுதி கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. குழந்தைக்கும் அதே தகுதி. ஐந்து ஆண்டுகளில் 730 நாள்கள் அங்கே வாழ்ந்தால் தகுதி நிலைக்கும். 1,095 நாள்கள் வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த இடத்தில் வீட்டில் ஒரு சிறு சலனம் ஏற்பட்டது. தம்பதியரில் எவர் முதன்மை விண்ணப்பதாரராக இருப்பது என்பது அவர்கள் விருப்பம். மகனின் பெயரில் கணக்கிட்டால் மதிப்பெண் குறைவாகவும், மருமகளின் பெயரில் கூடுதலாகவும் வந்தது. அவருக்கு வயது 29. அதோடு, 2023 முதல் மருத்துவத் துறையினருக்கெனத் தனித் தேர்வுச் சுற்றுகளும் நடைபெறுகின்றன. “அவ பேர்ல இவன் போறதா?” என்று மாமியார் தயங்கினார். “உங்க மகன் பேர்ல போனா மதிப்பெண் போதாது அத்தை, அவ்வளவுதான்” என்றார் மருமகள் மெல்ல. ஆசிரியர் இரண்டு கூட்டல்களையும் மனைவிக்குக் காட்டினார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஜெர்மனி இடம்பெற்றது. 2024 ஜூன் முதல் நாள் அங்கே ‘வாய்ப்பு அட்டை’ நடைமுறைக்கு வந்தது. ஆறு மதிப்பெண் பெற்றவர், வேலை இல்லாமலேயே சென்று, ஓராண்டு தங்கி வேலை தேடலாம். அதுவரை வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேரப் பணியும் செய்யலாம். உரிய சம்பளத்தில் வேலை கிடைத்தால் ‘புளூ கார்டு’ பெறலாம். அடிப்படை ஜெர்மன் அறிந்தவர் 27 மாதங்களிலும், பி1 நிலைத் தேர்ச்சி உடையவர் 21 மாதங்களிலும் நிரந்தர உரிமை கேட்கலாம். மொழி கற்கும் பொறுமை உள்ள இளைஞர்களுக்கு இது நல்வழி. ஆறு வயதுக் குழந்தையோடு, வேலை தேடும் அட்டையில் செல்வது தங்களுக்குப் பொருந்தாது என்று மகனே அப்பக்கத்தைத் திருப்பினார்.

கோவைத் தொழிலதிபரின் கணக்கு வேறு. முதலீட்டு வழிகள் நிலையானவை அல்ல என்பதை அவர் முதலில் அறிந்துகொண்டார். பிரிட்டன் தன் முதலீட்டாளர் விசாவை 2022 பிப்ரவரியில் மூடியது. ஆஸ்திரேலியாவும் 188 என்ற எண் கொண்ட வணிக விசாவை 2024-ல் மூடிவிட்டது. அமெரிக்காவின் இபி-5 இன்னும் திறந்திருக்கிறது. கிராமப்புறத்திலோ வேலையின்மை மிகுந்த பகுதியிலோ எட்டு லட்சம் டாலர் முதலிட்டு, பத்துப் பேருக்கு முழுநேர வேலை உருவாக்க வேண்டும். பணம் நேர்வழியில் வந்தது என்பதற்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் சான்று கேட்பர்.

எட்டு லட்சம் டாலரை அனுப்புவதற்கும் நம் நாட்டில் வரம்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புகைத் திட்டத்தின்கீழ், ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். மனைவி மக்களின் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று பலரும் நினைக்கின்றனர். அவர்களும் அந்த முதலீட்டில் கூட்டு உரிமையாளராக இருந்தாலன்றி அதற்கு இடமில்லை. இந்த முதலீட்டுக்காக வங்கி கடனும் தராது. ஒருவர் மட்டும் அனுப்பினால் நான்கு நிதியாண்டுகள் தேவைப்படும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்யலாம் எனினும், கையில் உள்ள பணம் முடங்கத்தான் செய்யும். இதையெல்லாம் பார்த்த தொழிலதிபர், எல்-1 என்ற வழியை ஆராயத் தலைப்பட்டார். இங்குள்ள நிறுவனம் அங்கே கிளை தொடங்கி, குறைந்தது ஓராண்டு பணியாற்றிய நிர்வாகியை அனுப்பும் விசா அது. புதிய கிளைக்கு முதலில் ஓராண்டு. நிர்வாகிக்கு மொத்தம் ஏழாண்டு வரை. கோவைத் தொழிற்சாலையை விற்க வேண்டியதில்லை என்பதோடு, இங்கே தொழில் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பதே அந்த விசாவின் நிபந்தனையும் ஆகும். அங்கே பணிபுரியும் தொழிலாளர்கள் இச்செய்தியை அறிந்தால் நிம்மதி கொள்வர்.

கனடா வழியிலும் ஒரு முள் இருந்தது. மூவர் கொண்ட குடும்பம், குடியேறும் தொடக்க காலத்தைச் சமாளிக்க 23,000 கனடிய டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் காட்ட வேண்டும்; அத்தொகையை ஆண்டுதோறும் திருத்துவர். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், கும்பகோணத்து வீட்டை அடமானம் வைத்துப் பணத்தைக் கணக்கில் போட்டு, கடிதம் வாங்கியபின் திருப்பிவிடலாம் என்று யோசனை கூறினார். மகனும் தந்தையிடம் அதைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். தந்தை மறுக்கவுமில்லை, பத்திரத்தை எடுக்கவுமில்லை; விதியைப் படித்துக் காட்டச் சொன்னார். கடன் வாங்கிய பணம் செல்லாது, வீட்டின் மதிப்பு செல்லாது, ஆறு மாதச் சராசரி இருப்பை வங்கிக் கடிதம் குறிப்பிட வேண்டும் என்றெல்லாம் அதில் தெளிவாக எழுதியிருந்தது. பொய்த் தகவல் தந்தால் ஐந்தாண்டுத் தடை. அந்த ஆலோசகருடைய தொடர்பு அன்றே முடிந்தது. மகனும் மருமகளும் தங்கள் வைப்புத் தொகைகளை ஒன்று திரட்டி, ஆறு மாதம் காத்திருப்பது என்று தீர்மானித்தனர். அந்தக் காலத்தை மருமகள் மொழித் தேர்வுக்கும், அங்கே செவிலியராகப் பதிவு பெறத் தேவையான என்கிளெக்ஸ் தேர்வுக்கும் படிக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

புறப்படுவோர் இங்கே செய்துவைக்க வேண்டியவற்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருந்தது. வேலைக்காக வெளிநாடு சென்று குடியிருப்போர், சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே ஈட்டியதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க இயலாது. அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கும். அதன்பின் ஓ.சி.ஐ. அட்டை பெற்று வாழ்நாள் முழுவதும் வந்து போகலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. விளைநிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பூர்விக நிலம் வாரிசாக வருவதற்குத் தடையில்லை.

இத்தனையும் எழுதியபின் எஞ்சியது, முதியவர் இருவரின் நிலை. அதை அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, மருமகளே எடுத்துரைத்தார். பெற்றோருக்கும் பெற்றோரின் பெற்றோருக்கும் கனடா ‘சூப்பர் விசா’ வழங்குகிறது. பத்தாண்டு வரை பலமுறை சென்று வரலாம். ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டு வரை தங்கலாம். அழைப்பவருக்குக் குறிப்பிட்ட வருமானமும், வருபவருக்கு மருத்துவக் காப்பீடும் இருத்தல் வேண்டும். “குளிர்காலத்துல வேண்டாம் மாமா, சித்திரையில வாங்க” என்றார் அவர்.

விண்ணப்பம் இப்போது அனுப்பப்பட்டுவிட்டது, முடிவு வரவில்லை. மகன் சென்னையில் தன் பணியைத் தொடர்கிறார். ஆசிரியர் தம் வங்கிப் பெட்டகத்தில், உள்ளூரில் வாழும் மகளின் பெயரையும் சேர்த்து, சாவி இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டிவைத்தார். அவருடைய துணைவியார் 62-ஆம் வயதில் முதன்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஆதாரில் ஒரு பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருப்பதால், அதைத் திருத்தும் அலைச்சல் நடந்துகொண்டிருக்கிறது.